காபிக்கு முன்னால் சொல்ல வேண்டியது

தொழிலாளர் நல அதிகாரி வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சட்டம் சொல்லித்தரப் போவதில்லை. அது அச்சில் இருக்கிறது, நீங்களே படித்துக்கொள்வீர்கள். முதல் வாரத்தில் ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் தொழிற்சாலையில் யாருக்கு, எந்தப் பாத்திரத்தில், யார் கையால் காபி போகிறது என்று பாருங்கள்.

ஹைதராபாத்தில் நான் வேலை பார்த்த மத்திய அரசுத் தொழிற்சாலையில், எழுபதுகளில், இதைப் பார்க்கத் தனிக் கண் தேவைப்படவில்லை. வெளியே ஊர் முழுக்க டீ குடித்தது. இரானி ஹோட்டலில் ஆட்டோக்காரரும் வக்கீலும் ஒரே பளிங்கு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே டீயைக் குடித்தார்கள். எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் கதை வேறு. பட்டறைத் தொழிலாளிக்குத் தள்ளுவண்டியில் டீ. கனமான கண்ணாடி டம்ளர், நின்றுகொண்டே குடிக்க வேண்டும். குமாஸ்தாவுக்கு மேஜைக்கே காபி வரும், ஆனால் டம்ளரில். இளநிலை அதிகாரி என்றால் பீங்கான் கப். அதற்கு மேலே போனால் கப்புக்கு அடியில் சாசர். பொது மேலாளருக்குத் தட்டு, தட்டின் மேல் பூவேலை செய்த துணி, டிகாஷன் தனி, பால் தனி. யாருக்காவது பதவி உயர்வு கிடைத்தால் எங்கள் அலுவலகத்தில் ‘வாழ்த்துகள்’ என்று யாரும் சொல்வதில்லை. “என்ன சார், சாசர் வந்தாச்சா?” என்றுதான் கேட்பார்கள்.

இத்தனைக்கும், இந்தத் தொழிற்சாலை நாட்டு மக்கள் அனைவரின் சொத்து என்று வாசலில் மூன்று மொழிகளில் பலகை வைத்திருந்தோம். அதை எழுதியவர்கள் பொய்யாக எழுதவில்லை. நம்பித்தான் எழுதினார்கள். நம்பிக்கை பலகையில் இருந்தது, பழக்கம் சமையலறையில் இருந்தது. அவ்வளவுதான்.

கேன்டீன் என் பொறுப்பு. தொழிலாளர் குடியிருப்பு ஒதுக்கீடும் என் பொறுப்பு. விபத்து நடந்தால் வீட்டுக்குப் போய்ச் சொல்வதும் என் பொறுப்பு. இந்த மூன்றும் ஒரே நாளில் என் தலையில் விழுந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

டெல்லியிலிருந்து ஒரு பெரியவர் வருவதாக இருந்தது. எங்களுக்கு ஒரு புதிய பிரிவு வேண்டும் என்று பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் பார்த்துவிட்டுத் தலையசைத்தால் அது எங்களுக்கு, இல்லையென்றால் வேறு மாநிலத்துக்கு. அவர் டீ குடிக்க மாட்டார், நல்ல பில்டர் காபிதான் குடிப்பார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் முழுவதும் நான் செய்த வேலை காபி வேலைதான். சிக்கந்திராபாத்தில் கண் முன்னால் வறுத்து அரைத்து வாங்கினேன். பொது மேலாளர் தினமும் ருசி பார்த்தார். ஒரு நாள் சிக்கரி அதிகம் என்றார், மறுநாள் பால் தண்ணீர் என்றார். அவரும் தமிழர்தான். காபி விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

பட்டறைகளிலும் அவசரம். பெயின்ட் பகுதியில் தரைக்கும் சுவருக்கும் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதே பகுதியில், பெரியவர் நின்று பார்ப்பதற்கு ஒரு மேடையும் அதைச் சுற்றி இரும்புக் கைப்பிடியும் வைக்க வேண்டியிருந்தது. கைப்பிடி சரியாகப் பொருந்தவில்லை. அதைக் கிரைண்டரில் தேய்த்துச் சரிசெய்யத் தணிகாசலம் என்ற பிட்டரை அனுப்பினார்கள். பக்கத்தில் பெயின்டில் கலக்கும் தின்னர் டப்பாக்கள் திறந்து கிடந்தன. இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெரியவரின் விமானம் பேகம்பேட்டில் இறங்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு பொறி போதுமாயிருந்தது.

நான் ஓடிப் போனபோது தீயை அணைத்துவிட்டிருந்தார்கள். தணிகாசலத்தைக் கம்பளியில் சுற்றி ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மார்பு, கைகள், வயிறு, தொடை எல்லாம் வெந்திருந்தது. முகம் மட்டும் தப்பியிருந்தது. அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்து, “சார், அந்தப் பக்கம் ரெண்டு கிளாம்ப் இன்னும் மாட்டல சார்” என்றார். எனக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறாரே, பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

எங்கள் ஆலை மருத்துவர் ஒரு பெண்மணி. ஆம்புலன்ஸில் ஏறப்போனவர் என்னைத் தனியே இழுத்தார்.

“பேசுறாரேன்னு சந்தோஷப்படாதீங்க. இப்படித்தான் இருக்கும். இவ்வளவு தூரம் வெந்துட்டா வலியே தெரியாது, புத்தி தெளிவா இருக்கும். சாயந்திரம் ஆனா பேச்சு குழறிடும். அதுக்கப்புறம் உயிர் இருக்கலாம், ஆள் இருக்க மாட்டார். அவர் மனைவியை உடனே கூட்டிட்டு வாங்க. இப்ப கூட்டிட்டு வாங்க, புரியுதா?”

ஆம்புலன்ஸ் பின்வாசல் வழியாக, மணி அடிக்காமல் போயிற்று.

நான் ஜீப்புக்குத் திரும்பும்போது பொது மேலாளர் எதிரே வந்தார். புதுக் கோட் போட்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் குரல் நிதானமாகவே இருந்தது.

“ஷாப்ல சின்னக் காயம்னு சொல்லியிருக்கோம். உண்மை தெரிஞ்சா வேலையை நிறுத்திடுவாங்க. அவர் கண் முன்னாடி அது நடந்தா யூனிட் போச்சு. நீங்க நேரா தணிகாசலம் வீட்டுக்குப் போங்க.”

“அதுக்குத்தான் கிளம்பினேன் சார்.”

“சொல்றதுக்கு இல்ல. அங்கேயே உட்காருங்க. வேற யாரும் போய்ச் சொல்லிடாம பாத்துக்கங்க. அந்தம்மா இங்க ஓடி வந்து கேட்ல நின்னு அழுதா எல்லாம் முடிஞ்சது. அவர் ஏர்போர்ட்டுக்குத் திரும்பினதும் நான் ஆள் அனுப்பறேன், அப்ப சொல்லிக்கலாம்.”

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

“நம்ம ஜனங்கதானே. வீட்டுக்கு ஆபீசர் வந்தா காபி குடுப்பாங்க. மெதுவாக் குடிங்க.”

ஓட்டுநர் யாதகிரி ஜீப்பைக் கிளப்பினார். தினக்கூலி ஓட்டுநர், இன்னும் நிரந்தரமாகவில்லை. என்னை இறக்கிவிட்டு ஜீப்பை உடனே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கும் தனியாக உத்தரவு.

தணிகாசலம் வீடு இருந்த மல்லாபூர் வரை யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. நீங்கள் நினைப்பதுபோல் அது எளிதான யோசனை அல்ல. பொது மேலாளர் சொன்னது பொய்யில்லை. புதிய பிரிவு வந்தால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியும். கூட்டம் கூடிக் கல்லெறிந்தால் அது போய்விடும். எனக்கும் குடும்பம் இருந்தது, ஏ.எஸ்.ராவ் நகரில் அப்போதுதான் வாடகைக்கு வீடு பிடித்துப் பெண்ணைப் பள்ளியில் சேர்த்திருந்தேன். ஒரு பக்கம் இத்தனையும். மறுபக்கம், ஒரு மனிதன் தன் மனைவியோடு பேசக்கூடிய ஒரு பகல்.

இப்படிப்பட்ட இடத்தில் எது பெரியது, எது சிறியது என்று நிறுத்துப் பார்க்காதீர்கள். நிறுக்கத் தொடங்கினால் பெரியவர்கள் வைக்கும் எடைதான் எப்போதும் கனமாக இருக்கும். எதைத் திரும்பப் பெற முடியாது என்று மட்டும் கேளுங்கள். புதிய பிரிவு இந்த வருடம் போனால் அடுத்த வருடம் கேட்கலாம். தணிகாசலத்தின் பேச்சை அடுத்த வருடம் யாரிடம் கேட்பது? அந்தக் கேள்வி வந்த பிறகு எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. பயம் இருந்தது, அது வேறு.

அந்தம்மாவை ஏற்றிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று, நாச்சாரம் தாண்டியதும் யாதகிரியிடம் சொன்னேன். அவர் சாலையைப் பார்த்தபடியே, “ஜீப் வாபஸ் தெம்மன்னரு சார்” என்றார், ஜீப்பைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்களே என்று. “நான் கட்டாயப்படுத்தினேன்னு சொல்லிடு” என்றேன். வீட்டு வாசலில் நிறுத்தியபோது அவர் இன்ஜினை அணைக்கவில்லை.

தணிகாசலம் குடும்பம் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து அவர் அப்பா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்தது. மல்லாபூரில் ஒரு ஓட்டு வீட்டில் பாதியில் அவர்கள், மறு பாதியில் ரஜியா என்ற பெண்ணின் குடும்பம். என்னைப் பார்த்ததும் தணிகாசலத்தின் மனைவி கன்னியம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க சார், வாங்க! குவார்ட்டர்ஸ் வந்துட்ச்சா சார்?”

அவர்கள் குடியிருப்புக்கு மனு கொடுத்துக் காத்திருந்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நல அதிகாரி தானே நேரில் வீட்டுக்கு வந்தால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? நான் வாய் திறப்பதற்குள் அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு முந்தானையால் தூசி தட்டினார்.

“உட்காருங்க சார். ஒரே நிமிசம்.”

“அம்மா, கொஞ்சம் இருங்க, நான்...”

அவர் கொல்லைப்பக்கமாக ஓடிவிட்டார். அடுத்த பாதியிலிருந்து ரஜியா எட்டிப் பார்த்தார். நான் நிற்பதைப் பார்த்து, “பைட்டோ சாப், கைக்கு கடே?” என்று உட்காரச் சொன்னார். கன்னியம்மா எங்கே என்று கேட்டேன். தெருக்கோடியில் ஒரு தமிழ் வீட்டில் காபிப் பொடி வாங்கப் போயிருக்கிறாளாம். இந்த வீட்டில் டீ மட்டும்தான். ஆபீசர்கள் காபிதான் குடிப்பார்கள் என்று தணிகாசலம் சொல்லியிருக்கிறாராம்.

நான் தெருவுக்கு வந்து அவர் போன திசையில் நடந்தேன். அதற்குள் அவர் வேறு சந்து வழியாகத் திரும்பி அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். நான் மறுபடி உள்ளே வந்தபோது மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பால் இருந்தது. ஒரு காகிதத்தில் மடித்த காபிப் பொடி பக்கத்தில் இருந்தது. அலமாரியிலிருந்து யாரும் தொடாத புது எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அடுப்பை அணைச்சிடுங்க” என்றேன்.

அவர் கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். என் நெற்றியில் விபூதி இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே வடிந்துபோனது.

“புது டம்ளரு சார் இது. நாங்க யாரும் இதுல குடிச்சது இல்ல” என்றார். அப்புறம் இன்னும் மெதுவாக, “பரவால்ல சார். கடையில வாங்கியாரச் சொல்லட்டா?”

எத்தனையோ விபத்துகளை நான் பிறகு பார்த்தேன். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைப் போல் எதுவும் என்னை அடித்ததில்லை. நான் கொண்டுவந்த செய்திக்கு முன்னால், அவர் மிகவும் பழகிப்போன வேறு ஒரு செய்தியை என் முகத்தில் படித்துவிட்டார்.

“அது இல்லம்மா. தணிகாசலத்துக்குத் தீ விபத்து. ஆஸ்பத்திரியில இருக்கார். பேசறார். உடனே நீங்க வரணும், ஜீப் நிக்குது.”

டம்ளர் அவர் கையிலேயே இருந்தது. அதை அலமாரியில் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். ரஜியா ஸ்டவ்வை அணைத்தார். பள்ளிக்குப் போயிருந்த மகளைப் பற்றிக் கன்னியம்மா கேட்பதற்குள், “பச்சி கூ மைம் தேக் லேதியூம். தூ ஜா, தூ ஜா” என்று பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி முதுகில் கை வைத்து வெளியே தள்ளினார்.

இதை மறக்காதீர்கள். இந்தச் செய்தியோடு ஒரு வீட்டுக்குப் போனால் வாசலிலேயே சொல்லுங்கள். செருப்பைக் கழற்றும் முன், உட்காரும் முன், அவர்கள் அடுப்புப் பக்கம் திரும்பும் முன். நம் வீடுகளில் வந்தவர் எதற்கு வந்தார் என்று கேட்கும் முன்பே அவருக்கு ஏதாவது கொடுத்துவிடுவார்கள். டீ குடிக்கும் வீட்டில் கடன் வாங்கியாவது காபி கொடுப்பார்கள். அதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், பெருமைதான். அந்த நாளில் அந்தப் பெருமையை ஒரு பூட்டாகப் பயன்படுத்தச் சொல்லி என்னை அனுப்பியிருந்தார்கள்.

ஜீப்பில் கன்னியம்மா ஒரு கேள்விதான் கேட்டார். “எங்க சார் வெந்துகீது? கையா, காலா?” நான் உள்ளதைச் சொன்னேன். பாதி சொல்லி மீதியை ஆஸ்பத்திரிக்கு விட்டுவிடலாம் என்று நாக்கு இழுத்தது. மீதியை அவர் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்து முழுவதையும் சொன்னேன். அவர் அழவில்லை. ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி வந்தார்.

தார்நாகா பக்கம் போலீஸ் எங்களை நிறுத்தியது. டெல்லிப் பெரியவர் எங்கள் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார். யாதகிரி இறங்கிப் போய்க் கெஞ்சினார். ஆஸ்பத்திரிக் கேஸ் என்றார். “சாப் ஜானே தக் ருக்கோ” என்று, பெரியவர் போகும்வரை நிற்கச் சொல்லி, கான்ஸ்டபிள் லத்தியால் ஓரத்தைக் காட்டினார். வெள்ளைக் கார்கள் ஒவ்வொன்றாகப் போயின. கன்னியம்மா, “யார் சார் போறது?” என்று கேட்டார். “நம்ம பாக்டரிக்கு வர்றவர்” என்றேன். அவர் தலையை ஆட்டினார். அந்த நாள் விசேஷ நாள் என்று கணவர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

ஆஸ்பத்திரியில் எங்கள் ஆலை டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கன்னியம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். தணிகாசலத்தின் உடலுக்கு மேலே ஒரு கம்பிக்கூண்டு வைத்துத் துணி போர்த்தியிருந்தார்கள். முகம் மட்டும் வெளியே. நான் படுக்கையை மறைத்திருந்த தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஒட்டுக்கேட்க வேண்டும் என்று இல்லை, நகரக் கால் வரவில்லை.

“வந்துட்டியா” என்றார் தணிகாசலம். “பாப்பா?”

“ஸ்கூல்ல கீது. ரஜியா பாத்துக்கும்.”

“யார் சொன்னது உனுக்கு?”

“வெல்பேர் சார் வூட்டுக்கு வந்தாரு.”

“வூட்டுக்கா? நம்ம வூட்டுக்கா?” அவர் குரலில் ஆச்சரியம் இருந்தது. கொஞ்சம் வெட்கம்கூட. “காபி குடுத்தியா?”

“குடுத்தேன்.”

“குடிச்சாரா?”

“குடிச்சாரு.”

“நம்ம வூட்ல?”

“ஆமா. நல்லாகீதுன்னாரு. உட்காந்து குடிச்சாரு.”

தட்டியின் அந்தப் பக்கம் தணிகாசலம், “நல்லவரு” என்றார்.

அவர்கள் பிற்பகல் முழுவதும் பேசினார்கள். பெரும்பாலும் மகளைப் பற்றி. அவளை எந்த வகுப்பு வரை படிக்கவைப்பது, ஊரில் யாரிடம் அனுப்பக் கூடாது என்பதைப் பற்றி. நடுவில் அவருக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர் வேண்டாம், டீ வேண்டும் என்றார். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பஞ்சில் நனைத்து உதட்டில் வைக்கச் சொன்னார். மாலையில் பேச்சு குழறியது, டாக்டர் சொன்னதுபோலவே. மறுநாள் உயிர் போயிற்று.

விபத்து நடந்த அன்று, பெரியவர் திரும்பிப் போன பிறகு ஷிப்ட் முடியும் நேரத்தில்தான் தணிகாசலத்தின் நிலையைப் பட்டறையில் அறிவித்தார்கள். மறுநாள் காலை டீ வண்டி வந்தபோது யாரும் டம்ளர் எடுக்கவில்லை. கோஷம் இல்லை, கூட்டம் இல்லை. வண்டிக்காரர் ஒவ்வொரு வரிசையாகத் தள்ளிக்கொண்டு போனார். டீயின் மேல் ஆடை படிந்தது. மேல்மாடியில் பியூன்களும் தட்டை எடுக்கவில்லை. பொது மேலாளர் மணியை அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் என்னைக் கூப்பிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனேன், உட்காரச் சொன்னார். முந்தைய இரவு தூங்காத கண்கள்.

“யூனிட் கிடைச்சிடுச்சு” என்றார். “நீங்க அந்தம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க, கேட்டுக்கு வரல. அதிர்ஷ்டம். வந்திருந்தா?”

“வந்திருந்தா நின்னிருப்பாங்க சார். அவங்க புருஷன் வேலை பாத்த இடம்தானே.”

“நான் எனக்காகவா பண்ணேன்? எத்தனை பேருக்கு வேலை வரப்போகுது தெரியுமா? நாட்டுக்காகத்தான் யோசிச்சேன்.”

“தெரியும் சார். நீங்க சொன்னதுல காபி குடிக்கச் சொன்னீங்களே, அது ஒண்ணுதான் என்னால முடியல.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மாதமே என்னைக் குடியிருப்புப் பராமரிப்புக்கு மாற்றினார்கள். சாக்கடை, தண்ணீர்த் தொட்டி, ஒழுகும் கூரை. யாதகிரியைக் காப்பாற்ற முடிந்தது, நான் அதிகாரத்தைக் காட்டி மிரட்டினேன் என்று அவர் எழுதிக்கொடுத்ததால். விசாரணை நடந்தது. பெயின்டும் தேய்ப்பும் ஒரே நேரத்தில் நடந்ததை நான் போய்ச் சொன்னேன். தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். புதிய பிரிவு கட்டப்பட்டது, உண்மையிலேயே பல வீடுகள் பிழைத்தன. உங்களில் சிலருடைய அப்பாக்கள் அங்கேதான் வேலை பார்த்திருப்பார்கள். இதையும் நான் மறைக்க விரும்பவில்லை. கணக்கு அவ்வளவு நேராக இருந்திருந்தால் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது.

கன்னியம்மாவுக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுத்தார்கள். அதிகாரிகள் கேன்டீனில் காபி போடும் வேலை. சில மாதங்கள் கழித்து ஒரு நாள் மதியம் அவர் என்னைத் தேடிப் பராமரிப்பு அலுவலகத்துக்கு வந்தார்.

“என்னைக் கப்பு கழுவப் போட்டுட்டாங்க சார்” என்றார். “நான் போட்டா காபி வேணாம்னு ரெண்டு ஆபீசருங்க சொல்லிட்டாங்களாம். சூப்பர்வைசர் வாய் தொறந்து சொல்லல. ஆனா தெரியும்.”

“நான் போய்ப் பேசறேன்” என்று எழுந்தேன்.

“நக்கோ சார், வேணாம். நீங்க பேசினா குடிப்பாங்க. கண்ணை மூடிக்கினு குடிப்பாங்க. எனுக்கு அவங்க குடிக்கிறது வேணாம். எனுக்கு மெசின் குடுக்கச் சொல்லுங்க. அவரு நின்ன ஷாப் வேணாம், வேற எங்கனா.”

அதற்காகச் சண்டை போட வேண்டியிருந்தது. டாக்டரும் யூனியன்காரர்களும் கூட நின்றார்கள். கம்பிச் சுருள் சுற்றும் பிரிவில் பயிற்சிக்கு எடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அவர் அங்கேதான் இருந்தார். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அன்று மதியம் அவர் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்:

“அன்னிக்கு உங்களை எங்க வூட்டுக்கு எதுக்கு அனுப்பினாங்க சார்? சொல்றதுக்குத்தானே?”

பொய் சொல்லியிருக்கலாம். நான் காபி குடித்ததாக அவர் தன் கணவரிடம் சொன்ன பொய்யைப் போல் அதுவும் யாரையும் காயப்படுத்தியிருக்காது.

“சொல்லாம இருக்கறதுக்கு” என்றேன். “உங்க வீட்ல உட்கார்ந்து, நீங்க குடுக்கறதைக் குடிச்சிட்டு, டெல்லிக்காரர் திரும்பிப் போற வரைக்கும் உங்களைப் பிடிச்சு வைக்கச் சொன்னாங்க.”

கன்னியம்மாவுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு முன்னாடி இந்த வேலையில ஒர்த்தர் இருந்தாரில்ல சார்? பர்னஸ்ல ஒரு ஆளு செத்தாரே, நரசிம்மா, அப்ப அவருதானே இருந்தாரு?”

“ஆமா.”

“நரசிம்மா பொண்டாட்டி சொல்லும். ஆபீசர் வந்து ரொம்ப நேரம் எங்க வூட்ல உட்காந்திருந்தாரு, ரெண்டு தபா காபி குடிச்சாரு, எவ்ளோ மரியாதையான மனுசன்னு. இன்னிக்கும் சொல்லினு கீது.” என் முகத்தைப் பார்த்தார். “அவரும் அப்படித்தானா சார்?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரேட்பள்ளிக்குப் போனேன். எனக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் ஓய்வு பெற்று அங்கே இருந்தார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், எந்தத் தொழிலாளியையும் ஒருமையில் பேசாதவர், தொழிலாளர்கள் இன்றும் கும்பிடும் மனிதர். வராந்தாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. வாசற்படியில் நின்றபடியே நரசிம்மாவின் பெயரைச் சொல்லி, அன்று அந்த வீட்டுக்கு எதற்காகப் போனீர்கள் என்று கேட்டேன்.

அவர் செய்தித்தாளை மடித்தார். இன்னொரு முறை மடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு உள்பக்கம் திரும்பி மனைவியிடம் குரல் கொடுத்தார்:

“ஆபீஸ்லேருந்து ஆள் வந்திருக்கார். காபி கொண்டா.”